கோவில்பதாகை டு புதுப்பேட்டை... ஒரு குட்டி பல்பைத் தேடி ஒரு பயணம்!

ஆவடியிலிருந்து வடக்கே, வேல்டெக் போகும் பக்கம் வண்டியைத் திருப்பினால் கோவில்பதாகை. பதாகை என்றால் கொடி. ஊர்ப் பெயரிலேயே கோயிலும் இருக்கிறது, கொடியும் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஏரி. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி உபரிநீர் வெளியேறும்போது மட்டும் இந்த ஊரின் பெயர் செய்திகளில் அடிபடும். மற்ற நாள்களில் அது அமைதியான புறநகர். காலையில் எல்லோரும் கிளம்பிப் போவார்கள், இரவில் எல்லோரும் திரும்பி வருவார்கள்.

அந்த இரவுத் திரும்பலைப் பற்றித்தான் பேச்சு. ஆவடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பைக்கை எடுத்துக்கொண்டு கன்னடபாளையம், கோவில்பதாகை, வெள்ளானூர் என்று பிரிந்துபோகிறவர்கள் ஏராளம். கடைத்தெரு வெளிச்சம் தாண்டியதும் சில இடங்களில் இருட்டு கவ்விக்கொள்ளும். அப்போது பைக் ஓட்டுபவரின் முகத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும். மீட்டர் விளக்கு. பழைய வண்டிகளில் பலவற்றில் அது எரிவதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் அவர் ஓட்டிய 20 வருஷப் பழைய பைக். இப்போது அதை ஆபீஸுக்கு எடுத்துப் போவது மகள்.

“ப்பா, மீட்டர்ல லைட்டே எரியலப்பா. எவ்ளோ ஸ்பீடுல போறேன்னே தெரியல.”

“நான் அஞ்சு வருஷமா அப்படித்தாம்மா ஓட்டுறேன். வண்டி சத்தத்தை வெச்சே தெரியும்.”

அப்பாவுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. பழைய பைக் கை மாறும்போது வரும் முதல் சிக்கல் இதுதான். முதல் ஆள் எதையெல்லாம் பழகிச் சமாளித்துக்கொண்டிருந்தாரோ, அதெல்லாம் இரண்டாவது ஆளுக்கு ஆபத்து.

நீலம் எரியலைன்னா எதிரே வர்றவருக்குத்தான் கஷ்டம்

மீட்டர் பல்பு போனால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். வேகம் தெரியாமல் போவது பாதிக் கதைதான்.

பச்சை விளக்கு, நியூட்ரல். அது எரியாத வண்டியில், கியர் விழுந்திருப்பது தெரியாமல் கிளட்ச்சை விட்டால் வண்டி முன்னால் துள்ளும். சிக்னலில் முன்னால் ஒரு ஸ்கூட்டரும் அதில் ஒரு குழந்தையும் இருந்தால் அந்த ஒரு அடி துள்ளல் போதும். இண்டிகேட்டர் விளக்கு எரியாவிட்டால், திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். பின்னால் வருபவர் நம்பி ஓவர்டேக் செய்வார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நீலம். ஹை பீம் போட்டிருக்கிறோம் என்று சொல்லும் விளக்கு அது. நீல பல்பு போன வண்டிக்காரர் தான் ஹை பீமில் போவதை அறியாமலே போவார். குறுகலான சாலையில் எதிரே வரும் சைக்கிள்காரருக்கு இரண்டு விநாடி கண் இருண்டுவிடும். பள்ளம் எங்கே, சாலை ஓரம் எங்கே என்று தெரியாமல் தடுமாறுவது அவர்தான். ஒரு வடை விலையில் கிடைக்கும் பல்பு எரியாததன் தண்டனை, பல்பு போன வண்டிக்காரருக்கு அல்ல, எதிரே வருபவருக்கு!

2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் இரு சக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் தானாக எரிந்தாக வேண்டும் என்று விதி. அதற்கு முந்தைய வண்டிகளில் சுவிட்ச் இருக்கும். பழைய வண்டி என்று இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த சுவிட்ச் வைத்த தலைமுறையைத்தான்.

டேங்க் செய்யும் ஊரில் பல்புக்கா பஞ்சம்?

ஆவடி வட்டாரத்தில் ஒரு பைக் ரிப்பேர் என்பது பெரிய விஷயமே இல்லை. 1961-ல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. ராணுவ வீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை, டேங்க்குகளுக்கு இன்ஜின் செய்யும் தொழிற்சாலை, அர்ஜுன் டேங்க்கை வடிவமைத்த பாதுகாப்பு ஆய்வுக்கூடம், மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார் ஷெட் என வரிசையாக இருக்கின்றன. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று கையில் தொழில் உள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. ஸ்பேனர் செட் இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்று கிண்டலாகச் சொல்லலாம்!

ஆவடி என்ற பெயரே டேங்க் கிடங்கின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளைச் சேர்த்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு தகவல் சுற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், டேங்க் தொழிற்சாலை வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்டார்களே, அதே மாநாடுதான். ஊர் பெயர் அப்போதே ஆவடிதான்.

2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. கோவில்பதாகையும் அதற்குள்தான். பட்டாபிராமில் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பிய கூட்டத்துக்குப் பிறகு, இப்போது லேப்டாப் பையோடு இரவில் பைக்கில் திரும்பும் கூட்டம் கூடிக்கொண்டிருக்கிறது.

இந்த வட்டாரத் தெருக்களில் காணக்கூடிய பழைய வண்டிகளில் ராஜா, புல்லட். ராணுவத்துக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவு பழையது. எல்லைக் காவலுக்கு என்று இந்திய ராணுவம் 1950-களில் புல்லட்டை வாங்க ஆரம்பித்ததுதான், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கக் காரணம். தொழிற்சாலை வடசென்னையில், திருவொற்றியூரில். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது தனிக் கதை.

பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலையைப் பாருங்கள். ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டும் ஆம்ப் மீட்டர், சாவி எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள். மேலே இரண்டு பக்கமும் புருவத்துக்குக் கீழே கண் போல இரண்டு குட்டி பைலட் விளக்குகள். நியூட்ரலுக்குப் பச்சை விளக்கு கிடையாது. அதற்குப் பதிலாக வலது காலடியில் தனியாக ஒரு லீவர். நியூட்ரல் ஃபைண்டர் என்பார்கள். குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் நியூட்ரலுக்கு வந்துவிடும். பல்பு போகும் என்ற கவலையே இல்லாத ஏற்பாடு!

பஸ் ஸ்டாப் பெயரில் ஒரு மோட்டார் சரித்திரம்

பக்கத்துக் கடையில் மீட்டர் பல்பு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால், பழைய மாடலின் பல்பு ஹோல்டர் உளுத்துப்போயிருந்தாலோ, மீட்டர் கண்ணாடி உடைந்திருந்தாலோ, 6 வோல்ட் பல்பு வேண்டும் என்றாலோ கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். “புதுப்பேட்டையில போய்ப் பாரும்மா.”

கோவில்பதாகையிலிருந்து புதுப்பேட்டை சுமார் 25 கிலோமீட்டர். ஆவடி வந்து திருவள்ளூர் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போக வேண்டும். வாகனங்களின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதைப்போல ஒரு சாலை சென்னையில் வேறு இல்லை.

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலைத் தாண்டினால் அம்பத்தூர். 1949-ல் இங்கே டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் ஓட்டாத அப்பா இந்தப் பகுதியில் அரிது. டயர் செய்த டன்லப் ஆலை இங்கே இருந்தது. இப்போது டன்லப் என்பது பஸ் ஸ்டாப்பின் பெயர். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட். அதற்கும் அப்பால் பாடி. அங்கே ஒரு ஸ்டாப்புக்குப் பெயர் லூகாஸ். கண்டக்டர் “லூகாஸ்லாம் எறங்கு” என்று கத்தும்போது, அது பர்மிங்காமில் விளக்கு விற்ற ஒரு குடும்பத்தின் பெயர் என்று யாருக்கும் தோன்றாது.

ஜோசப் லூகாஸ் தொடங்கிய கம்பெனிதான் இங்கிலாந்தின் பழைய கார்களுக்கும் பைக்குகளுக்கும் மின்சாதனங்கள் செய்தது. அந்த விளக்குகள் பாதி வழியில் அணைந்துபோகும் என்று அங்கத்திய பைக் பிரியர்கள் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் கொடுத்துக் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அந்த ஊர் பழைய வண்டிகளுக்கு உரியது. பாடியில் 1961-ல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து வந்த லூகாஸ் டி.வி.எஸ்., இந்திய வாகனங்களுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்து பேர் வாங்கியது. பல்பு தேடிப் போகிறவர் வாகன மின்சாரத்தின் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்.

டி.ஐ. சைக்கிள்ஸ் பற்றிச் சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிக்கொண்டே சுற்றும் குப்பி. 6 வோல்ட், 3 வாட். மெதுவாக மிதித்தால் மங்கல், வேகமாக மிதித்தால் பளீர். பாலத்தின் இறக்கத்தில் பறந்தால் சிலசமயம் பல்பு ‘டப்’. பழைய பைக்கின் விளக்கு ஏன் போகிறது என்பதன் மொத்த பாடமும் அந்த டைனமோவில் இருக்கிறது.

இன்ஜின் சுற்றும் வேகத்தோடு மின்அழுத்தமும் ஏறும். அதை ஏறவிடாமல் அமுக்கிப் பிடிப்பது ரெகுலேட்டர். மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். அது பழுதானால் ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க விளக்கு வெள்ளையாக ஜொலிக்கும், ஒவ்வொரு பல்பாகப் போகும். ரெகுலேட்டரே இல்லாத மிகப் பழைய வண்டிகளில் இன்னும் வேடிக்கை. ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் ஆனால், அதற்குப் போக வேண்டிய சக்தியெல்லாம் மீதி பல்புகளின் தலையில் இறங்கும். அடுத்த நிமிஷம் டெயில் லைட், அதற்கடுத்து மீட்டர் விளக்கு. காலையில் பார்த்தால் மூன்றும் அவுட்.

எனவே, மாதத்துக்கு ஒரு மீட்டர் பல்பு வாங்குகிறவர் பல்பு கம்பெனியைத் திட்டக் கூடாது. 12 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 13.5-லிருந்து 14.5 வோல்ட் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் வாங்க வேண்டியது பல்பு அல்ல, ரெகுலேட்டர்.

பழசைக் கையில எடுத்துட்டு வந்தீங்களா?

எழும்பூர் பக்கம், கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. பழைய வாகனங்களைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் தெருக்கள். ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் சைலன்ஸர் மட்டும், இன்னொன்றில் மலைபோல மீட்டர்கள். ஆயிலும் இரும்பும் கலந்த வாசனை. புதுப் பாகம்தான் வேண்டும் என்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகலாம். பல்புக்கு அதுவே நல்லது. பயன்படுத்திய பல்பை வாங்குவதில் அர்த்தமில்லை. உடைந்த ஹோல்டர், நின்றுபோன மாடலின் மீட்டர் கூடு இவற்றுக்குத்தான் புதுப்பேட்டை. பெரிய பாகம் வாங்கினால் பில் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. பிரித்த வண்டி யாருடையது என்ற கேள்வி எப்போதாவது வரலாம்.

கவுன்ட்டரில் நின்று “மீட்டர் பல்பு வேணும்ணே” என்றால் முதல் கேள்வி, “பழசு கொண்டாந்திருக்கியாம்மா?” என்பதுதான். அதுதான் சரியான கேள்வியும்கூட. ஏனென்றால் பல்புகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குடும்பம் வேறு.

சிலவற்றுக்கு அடியில் பித்தளை மூடி இருக்கும். அமுக்கித் திருகி மாட்ட வேண்டும். சிலவற்றுக்கு மூடியே கிடையாது. கண்ணாடியின் அடி தட்டையாக, இரண்டு மெல்லிய கம்பிகள் மடங்கி இருக்கும். நேராகச் செருகினால் போதும். இந்தச் செருகு பல்பில் 10 மில்லிமீட்டர் பருமன் உள்ளது டி10, 5 மில்லிமீட்டர் உள்ளது டி5. வேக மீட்டருக்கு ஒன்று, நியூட்ரலுக்கு இன்னொன்று என்று ஒரே மீட்டரில் இரண்டு வகையும் இருக்கக்கூடும்.

அடுத்தது வோல்ட். மிகப் பழைய வண்டிகள் பல 6 வோல்ட். பின்னால் வந்தவை 12. 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு மாட்டினால் கங்கு போல சிவப்பாக மினுங்கும், அவ்வளவுதான். மாற்றி மாட்டினால் ஒரு நொடி பளீர், பிறகு இருட்டு.

மூன்றாவது வாட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “கொஞ்சம் பவர்ஃபுல்லா கொடுங்க” என்று கேட்டு, 1.7 வாட் இருந்த இடத்தில் 5 வாட் பல்பை மாட்டிவிடுவார்கள். சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. மீட்டருக்குள் இருப்பது பிளாஸ்டிக். பச்சைக் கண்ணாடி உருகும், டயலில் பழுப்புத் திட்டு விழும். அதை எந்த பல்பாலும் சரிசெய்ய முடியாது. பழைய பல்பின் அடியில் பொடி எழுத்தில் வோல்ட், வாட் இரண்டும் எழுதியிருக்கும். போனில் ஃபோட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, வாசல், ஒரு ஸ்க்ரூ டிரைவர்

வீட்டிலேயே செய்யலாமா? தாராளமாக. மீட்டர் மாடலுக்கு மாடல் வேறுபடும் என்றாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். முடித்த பிறகு கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுவே. வட்ட ஹெட்லைட் உள்ள வண்டிகளில் டூமின் வளையத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஹெட்லைட் கையோடு வந்துவிடும். பின்னால் வயர்கள் ஒரு இடியாப்பம் போல அடைந்திருக்கும். எதையும் தொடும் முன் நாலு ஃபோட்டோ. அந்தக் காலத்தில் மெக்கானிக்குகள் நூல் கட்டி அடையாளம் வைப்பார்கள். இப்போது போன் இருக்கிறது.

மீட்டரின் பின்புறம் ரப்பர் மூக்கு போலத் தெரிபவைதான் பல்பு ஹோல்டர்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இருபது வருஷ வயர், கையோடு வந்துவிடும். ரப்பரை விரல் நுனியால் பிடித்து லேசாகத் திருகியபடி வெளியே எடுக்க வேண்டும். ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் கொஞ்சம் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். சில வண்டிகளில் பல்பின் தலையில் பச்சையோ நீலமோ ஒரு குல்லாய் போட்டிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறம் தருவதே அதுதான்.

வெளியே வந்த பல்பைப் பார்த்தாலே கதை தெரியும். உள்ளே கறுத்திருந்தால் ஆயுள் முடிந்து போனது. பால் போல வெளுத்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளே இழை மட்டும் அறுந்து ஆடினால் அதிர்வு காரணமாக இருக்கலாம். ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு, அதிலும் புல்லட்டுக்கு, இது சகஜம்.

பல்பு முழுசாக நன்றாக இருக்கிறது, ஆனால் எரியவில்லை என்றால்? அங்கேதான் பலர் இரண்டாவது பல்பு வாங்கப் போய்விடுகிறார்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் போயிருப்பது பல்பு அல்ல, எர்த். மழை, ஏரிக் காற்று, வாட்டர் வாஷ் எல்லாம் சேர்ந்து ஹோல்டருக்குள் பச்சைப் பாசிபோல ஒரு பூப்பு பூக்கும். உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி உள்ளே நாலு தேய். பல்பின் கம்பியையும் லேசாகத் தேய். பாதி நேரம் அதோடு விளக்கு எரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அதே அளவு உள்ள பக்கத்து பல்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எரியும் பல்பு இங்கே வந்ததும் எரியவில்லை என்றால் குற்றவாளி பல்பு இல்லை.

நியூட்ரல் விளக்குக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு சுவிட்சும் அதற்கு ஒற்றை வயரும் இருக்கும். பேட்டரியை மீண்டும் இணைத்து, சாவியைப் போட்டு, அந்த வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொட்டுப் பாருங்கள். மேலே பச்சை எரிந்தால் பல்பு நன்றாகவே இருக்கிறது, சுவிட்ச்தான் போச்சு. மீட்டரைப் பிரிக்கவே வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டும் மீட்டர் வெளிச்சமும் பேட்டரியில் ஓடுவதில்லை, நேராக இன்ஜின் காயிலிலிருந்து வரும். சாவியைப் போட்டதும் நியூட்ரல் எரியும், மீட்டர் விளக்கு எரியாது. “புது பல்பும் போச்சே!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். உதைத்து ஸ்டார்ட் செய்தால் எரியும்.

எல்.இ.டி. மாட்டலாமா?

இந்தக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. கடைகளிலும் கலர் கலராகத் தொங்குகிறது. சூடு குறைவு, அதிர்வுக்கு அஞ்சாது, மின்சாரம் சொற்பம். மீட்டர் வெளிச்சத்துக்கு எல்.இ.டி. நல்ல தேர்வுதான், வண்டியின் சுபாவம் தெரிந்து மாட்டினால்.

எல்.இ.டி-க்கு பிளஸ், மைனஸ் உண்டு. எரியவில்லை என்றால் பிடுங்கித் திருப்பிச் செருகிப் பாருங்கள். நேராக இன்ஜின் காயிலில் ஓடும் விளக்குகளில் மாட்டினால் ஐடிலிங்கில் படபடவென்று துடிக்கும். கண்ணுக்கு எரிச்சல். பச்சைக் குல்லாய்க்குள் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் நிறம் வெளிறிப்போகும். பச்சைக்குப் பச்சையே வாங்க வேண்டும். நீலத்துக்கு ரொம்பப் பிரகாசமான எல்.இ.டி. வைத்துவிட்டால், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்பதற்காக வைத்த விளக்கு ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும்!

பெரிய பொறி இண்டிகேட்டரில் இருக்கிறது. பழைய மாடல்கள் பலவற்றில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே விளக்குதான். அது இடதுபக்க வயருக்கும் வலதுபக்க வயருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் கரன்ட் அதன் வழியாகப் போய், எரியாமல் இருக்கும் வலதுபக்க பல்புகள் வழியே எர்த் ஆகும். வலது போட்டால் எதிர்த் திசையில் ஓடும். சாதாரண பல்புக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை. எல்.இ.டி. ஒரு திசையில் மட்டும் எரியும். “லெஃப்ட்டுக்கு எரியுது, ரைட்டுக்கு எரியலயே” என்று வயரிங் மொத்தத்தையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. வயரிங்கில் கோளாறு இல்லை. அந்த ஒரு இடத்தில் பழைய பல்பே இருக்கட்டும்.

வெளியே உள்ள நாலு இண்டிகேட்டரையும் எல்.இ.டி. ஆக்கினால் பழைய பிளாஷர் குழம்பிவிடும். படபடவென்று அடிக்கும் அல்லது அடிக்காமலே நிற்கும். எல்.இ.டி-க்கு ஏற்ற பிளாஷரும் மாற்ற வேண்டிவரும். அதோடு, நடுவில் இருக்கும் அந்த ஒற்றை பல்பு வழியாகக் கொஞ்சம் கரன்ட் ஒழுகினாலே எல்.இ.டி-க்குப் போதும். இடது போட்டால் நாலும் சேர்ந்து அடிக்கும். அழகுக்காக ஆரம்பித்த வேலை எலெக்ட்ரீஷியன் செலவில் முடியும்.

எல்லாம் மாட்டியாச்சா? ரப்பர் மூக்குகள் முழுசாக உள்ளே போயிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் அடுத்த மழையில் மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி படியும். ஹேண்டில்பாரை இடது முட்டும் வரை, வலது முட்டும் வரை திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகு டூமை மூட வேண்டும்.

அப்பா சேரில் உட்கார்ந்தபடி ஒரு வேலையை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வார். டூமைக் கழற்றி மாட்டினால் ஹெட்லைட்டின் பார்வை மேலோ கீழோ மாறியிருக்கும். இருட்டியதும் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்க நிறுத்தி, மகளை மேலே உட்காரவைத்து, லோ பீம் போடச் சொல்வார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். டூமைக் கையால் அசைத்து, சரியாக வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குவார்.

“இப்ப ஹை பீம் போடும்மா. நீலம் வருதா?”

“வருதுப்பா.”

“எதிர்ல ஆள் வந்தா அதை அணைச்சிடணும்.”

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வரும், “அண்ணே, லைட்டைத் திருப்புங்கண்ணே, டி.வி. தெரியல!”